ரோடியம்னா என்ன? ஒயிட் கோல்டு மேல பூசுறாங்களே, நிஜமாவே தங்கத்த விட காஸ்ட்லியா?

தேன்மொழி_ஈரோடு:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட ஒரு ஒயிட் கோல்டு மோதிரம் இருக்கு, 18 கேரட், 750 முத்திரை, எச்யுஐடி (நகைக்குன்னு குடுக்குற தனி அடையாள எண்) எல்லாம் சரியா இருக்கு. இப்ப உள்ளங்கை பக்கம் லேசா மஞ்சளடிக்குது. கடைல கேட்டா "ரோடியம் பாலிஷ் போயிருச்சு மேடம், திரும்ப போட்டுக்கலாம்"னு சாதாரணமா சொல்றாங்க. வீட்டுக்கு வந்து ரோடியம்னா என்னன்னு தேடினா, உலகத்துலயே விலை கூடின உலோகங்கள்ல ஒண்ணு, தங்கத்த விட பல மடங்கு போன காலமெல்லாம் உண்டுன்னு போட்டிருக்கு. அவ்ளோ விலைன்னா எப்படி சில நூறு ரூபாய்க்கு பூசித் தர்றாங்க? நிஜ ரோடியம்தானா? இது எங்க கிடைக்குது, நகைய தவிர வேற எதுக்கு ஆகும்? எங்க வீட்டுக்காரர் வேற "அப்ப தங்கத்துக்கு பதிலா இதையே வாங்கி வச்சா என்ன"ன்னு கேக்குறாரு. விவரம் தெரிஞ்சவங்க யாராவது பொறுமையா சொன்னா ரொம்ப நன்றியா இருக்கும்.

பட்டறை_கோவை:

அக்கா, நான் கோயமுத்தூர்ல பிளேட்டிங் பட்டறைல தான் வேலை பாக்குறேன், நகை சம்பந்தப்பட்டத நான் சொல்றேன், மத்தத படிச்சவங்க யாராவது சொல்லுவாங்க.

மொதல்ல, ஒயிட் கோல்டுங்குறது முழுசா வெள்ளையான பொருள் கிடையாதுங்க. தங்கத்தோட நெறம் மஞ்சள், அதுல பல்லேடியமோ நிக்கலோ கலந்தா அந்த மஞ்சள் வெளுக்கும், ஆனா முழுசா போகாது, ஒரு மங்கலான பழுப்பு கலந்த வெள்ளைல வந்து நிக்கும். அதனாலதான் 22 கேரட்ல ஒயிட் கோல்டுன்னு யாரும் செய்யறதில்ல, நூத்துக்கு எட்டு பங்கு மட்டும் வேற உலோகம் போட்டா அது மஞ்சளாவேதான் இருக்கும், 18ல இல்லைன்னா 14ல தான் செய்ய முடியும். அந்த மங்கல மறைக்கத்தான் மேல ரோடியம். உங்க மோதிரத்துக்கு ஒண்ணும் ஆகல, தங்கம் அப்படியே இருக்கு, மேல இருந்த தோல் மட்டும் தேஞ்சிருக்கு. மோதிரத்துல எப்பவும் உள்ளங்கை பக்கம்தான் மொதல்ல போகும், பாத்திரம், வண்டி ஹேண்டில்பார், பஸ் கம்பின்னு எல்லாத்துலயும் அந்த பக்கம்தான உரசுது. கம்மல், டாலர்ல பல வருஷம் நிக்கும்.

இப்ப விலைக்கு வர்றேன். பூசுற கனம் எவ்ளோன்னு நெனைக்கறீங்க? சாதாரணமா ஒரு மைக்ரான்ல பத்துல ஒரு பங்குல இருந்து அரை மைக்ரான் வரைக்கும்தான். ஒரு மில்லிமீட்டர ஆயிரமா பிரிச்சா ஒரு பங்கு ஒரு மைக்ரான், அதுலயும் பாதிக்கும் கம்மி. கணக்கு போட்டு பாருங்க, மோதிரத்தோட மொத்த பரப்பு ஒரு 6 சதுர சென்டிமீட்டர், கனம் 0.3 மைக்ரான், ரோடியத்தோட அடர்த்தி 12.4, எல்லாம் பெருக்குனா 2 மில்லிகிராம் சொச்சம்தான் வரும். கிராம் 20,000 ரூபாய்னு வச்சுக்கிட்டா கூட உங்க மோதிரத்துல ஏறுற ரோடியம் ஒரு 45 ரூபாய்க்குள்ள. மிச்சமெல்லாம் கூலி, பாலிஷ், கரைசல் வேஸ்டேஜ், கரெண்டு. அதனால சில நூறு ரூபாய்னு கேட்டா ஏமாத்துறாங்கன்னு அர்த்தம் இல்ல, நிஜ ரோடியமே அந்த விலைக்கு போட முடியும்.

எப்படி போடுறாங்கன்னா, மொதல்ல பழைய பூச்ச பஃபிங் வீல்ல எடுத்துட்டு கீறலெல்லாம் போக்கணும், இதுதான் முக்காவாசி வேலை, ஏன்னா ரோடியம் கீறல மூடாது, கண்ணாடி மாதிரி இருந்து இன்னும் பளிச்சுன்னு காட்டிக் குடுத்துரும். அப்பறம் அல்ட்ராசோனிக்ல, அதாவது ஒலி அதிர்வுல அழுக்கெடுக்குற தொட்டில கழுவி, கரெண்டு விட்டு சுத்தம் பண்ணி, டிஸ்டில்டு வாட்டர்ல அலசி, நீர்த்த கந்தக அமிலத்துல ஒரு முக்கு, மறுபடி அலசல். கை பட்டுச்சுன்னா அந்த எடத்துல பூச்சு பிடிக்காது, ஒயருல கட்டித்தான் தூக்குவோம். கரைசல் வந்து ரோடியம் சல்ஃபேட், லிட்டருக்கு 2 கிராம் ரோடியம் இருக்கும், ஆனோடு, அதாவது கரெண்டோட பிளஸ் முனை, பிளாட்டினம் பூசுன டைட்டானியம் வலை, ரெண்டு மூணு வோல்ட், ஒரு நிமிஷத்துக்குள்ள வேலை முடிஞ்சிரும். இறக்குனதுமே அந்த மங்கல் நெறம் போயி வெள்ளையா திரும்புறது கண்ணு முன்னாடியே தெரியும், இத்தன வருஷமா பாக்குறேன் இன்னும் எனக்கு அது புடிச்ச நேரம். வோல்ட்டு கூட்டிட்டாலோ ரொம்ப நேரம் விட்டாலோ ஓரமெல்லாம் கறுத்துரும், கனமா போடுனு சில பேரு கேப்பாங்க, கனம் கூடுனா பூச்சுக்குள்ள இழுவிசை ஏறி வெடிப்பு விட்டுரும், அதனால மோதிரத்துக்கு ஒரு அளவுக்கு மேல போடக்கூடாதுங்க.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. முத்து, பவழம், மரகதம் பதிச்ச நகைன்னா கடைல மொதல்லயே சொல்லிருங்க. முத்துக்கும் பவழத்துக்கும் அமிலம் ஆகாது, மரகதத்துல வெடிப்ப மறைக்க எண்ணெய் ஏத்தியிருப்பாங்க, அல்ட்ராசோனிக்ல போட்டா அது வெளிய வந்து கல்லு வெளுத்து தெரியும். வைரத்துக்கு பிரச்சனை இல்ல. பூச்சு போனதும் விரல்ல அரிப்பு வந்தா உள்ள நிக்கல் கலந்த ஒயிட் கோல்டா இருக்கலாம், அப்படின்னா பூச்சு போகவிடாம பாத்துக்கறது நல்லது.

தேன்மொழி_ஈரோடு:

தம்பி இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல, ரொம்ப நன்றி. அந்த 45 ரூபா கணக்க வீட்டுல படிச்சு காட்டினேன். ஆனா அது ஏன் அவ்ளோ விலைங்குறது இன்னும் புரியல, வேற யாராவது சொல்லுங்களேன்.

வேதியியல்_டீச்சர்:

நான் மேல்நிலைப் பள்ளில வேதியியல் எடுக்குறேன், என்னால முடிஞ்சத சொல்றேன்.

ரோடியத்தோட அணு எண் 45. தனிம அட்டவணைல கோபால்ட்டுக்கு நேர் கீழ, இரிடியத்துக்கு நேர் மேல, பக்கத்துல ருத்தேனியமும் பல்லேடியமும். இந்த ருத்தேனியம், ரோடியம், பல்லேடியம், ஆஸ்மியம், இரிடியம், பிளாட்டினம் ஆறும் ஒரே குடும்பம், பிளாட்டினம் தொகுதி உலோகங்கள்னு சொல்லுவோம், பூமிலயும் சேர்ந்தேதான் கிடைக்கும். ரோடியம் உருகுறதுக்கு 1964 டிகிரி செல்சியஸ் வேணும், தங்கத்துக்கு 1064 போதும், ரெண்டுக்கும் நடுவுல சரியா 900 டிகிரி வித்தியாசம்னு என் பிள்ளைங்களுக்கு நினைவுல வைக்க சொல்லிக் குடுப்பேன். சாதாரண வெப்பத்துல காத்துல கருக்காது, வெள்ளி மாதிரி கந்தகம் பட்டு மங்காது. தங்கத்தையும் பிளாட்டினத்தையும் கரைக்குற ராஜ திராவகம் இருக்குல்ல, கட்டியா இருக்குற ரோடியத்த அது கூட ஒண்ணும் பண்ணாது. பொடியா இருந்தா சூடான அடர் கந்தக அமிலத்துல மெதுவா கரையும், இல்லன்னா பைசல்ஃபேட் உப்போட சேர்த்து உருக்கி வழிக்கு கொண்டு வரணும்.

கண்டுபிடிச்சவர் லண்டன்ல இருந்த வில்லியம் ஹைட் வோலஸ்டன். மருத்துவரா இருந்தவர், அத விட்டுட்டு ஸ்மித்சன் டெனன்ட்னு ஒருத்தரோட கூட்டு சேர்ந்து பிளாட்டினத் தொழில்ல இறங்குனாரு. தென் அமெரிக்காவுல இருந்து வந்த பிளாட்டினத் தாதுவ வாங்கி ராஜ திராவகத்துல கரைச்சாங்க. கரைஞ்சதுல இருந்து பிளாட்டினத்த எடுத்த பிறகும் அந்த நீர்மத்துல ஏதோ மிச்சம் இருக்குன்னு வோலஸ்டன் விடாம தோண்டி 1802ல பல்லேடியத்தையும், 1804ல ரோடியத்தையும் பிடிச்சாரு, ரோடியத்தோட உப்பு அழகான ரோஜா நிறப் படிகமா வந்துச்சு. கரையாம அடில தங்கின கருப்பு மண்ட டெனன்ட் எடுத்து அதுல ஆஸ்மியமும் இரிடியமும் கண்டுபிடிச்சாரு. ஒரே தாதுல இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து நாலு புது தனிமங்கள், எனக்கு பாடம் நடத்தும்போது ரொம்ப பிடிச்ச பகுதி இது.

நகைங்குறது ரோடியத்தோட பயன்ல ஒரு சின்ன ஓரம்தான். பெரும்பங்கு, பத்துல எட்டு பங்குக்கு மேல, வண்டிகளோட சைலன்ஸர்ல இருக்குற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு போகுது. பெட்ரோல் என்ஜின் புகைல மூணு கெட்டது இருக்கு, கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள். முதல் ரெண்டையும் ஆக்சிஜன் சேர்த்து எரிச்சு முடிக்கணும், அத பிளாட்டினமும் பல்லேடியமும் பாத்துக்கும். மூணாவதுல எதிர் வேலை, நைட்ரஜன் கிட்ட இருந்து ஆக்சிஜன பிரிக்கணும். நைட்ரிக் ஆக்சைடு ரோடியம் பரப்புல வந்து உக்காந்ததும் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவுல இருக்குற பிணைப்பு உடையுது, ரெண்டு நைட்ரஜன் அணு ஒண்ணா சேர்ந்து நாம மூச்சு விடுற காத்துல இருக்குற அதே நைட்ரஜனா வெளிய போகுது, மிச்ச ஆக்சிஜன கார்பன் மோனாக்சைடு எடுத்துக்குது. இந்த வேலைல ரோடியம் அளவுக்கு வேற எதுவும் கை குடுக்கறதில்ல, அதனாலதான் எவ்ளோ விலை ஏறினாலும் கார் கம்பெனிங்க அத முழுசா விட முடியல.

இன்னும் ரெண்டு மட்டும் சொல்லி முடிக்கிறேன். மெத்தனால்ல இருந்து அசிட்டிக் அமிலம் தயாரிக்க 1970ல மான்சான்டோ கம்பெனி ரோடியம் வினைவேக மாற்றிய வச்சு ஆலை தொடங்குச்சு, பெயின்ட், பசைல எல்லாம் போற அசிட்டிக் அமிலத்துல பெரும்பகுதி பல வருஷமா அப்படி வந்ததுதான், பின்னாடி 1990கள்ல இரிடியம் வச்சு செய்யுற முறை வந்துச்சு. அதே மான்சான்டோல வில்லியம் நோல்ஸ்னு ஒரு வேதியியலாளர், ரோடியம் சேர்மம் ஒண்ண வச்சு எல்-டோபாங்குற பார்க்கின்சன் நோய் மருந்த, உடம்புக்கு வேண்டிய அந்த ஒரு பக்க வடிவம் மட்டும் வர்ற மாதிரி தயாரிக்க வழி கண்டுபிடிச்சாரு. வலது கை, இடது கை மாதிரி ரெண்டு வடிவம் வர்ற மூலக்கூறு அது. இதுக்கு 2001ல அவருக்கு நோபல் பரிசுல பங்கு கிடைச்சுது. கை நடுங்குற பெரியவங்க எத்தனையோ பேரு சாப்பிடுற மாத்திரைக்கு பின்னாடி இந்த உலோகமும் இருக்குங்குறத நெனைச்சா எனக்கு ரொம்ப மனசு நிறைவா இருக்கும்.

ரஸ்டன்பர்க்_குமார்:

டீச்சர் நல்லா சொன்னாங்க. நான் மைனிங் இன்ஜினியர், தென்னாப்பிரிக்கால ரஸ்டன்பர்க் பக்கம் பிளாட்டினம் சுரங்கத்துல வேலை பாத்தவன். எங்க கிடைக்குது, ஏன் விலை, வாங்கி வைக்கலாமாங்குற மூணையும் சேத்து சொல்றேன், மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு.

உலகத்துல வருஷத்துக்கு சுரங்கத்துல இருந்து வர்ற ரோடியம் 20 டன்னுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். தங்கம் 3,000 டன்னுக்கு மேல வருது. அந்த ரோடியத்துலயும் 80 சதவீதம் ஒரே நாடு, தென்னாப்பிரிக்கா, அதுலயும் ஒரே பாறை அமைப்பு, புஷ்வெல்டு. 200 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கடில இருந்து வந்த குழம்பு அடுக்கடுக்கா இறுகி நின்ன எடம். அதுல மெரென்ஸ்கி ரீஃப்னு ஒரு அடுக்கு, 1924ல ஹான்ஸ் மெரென்ஸ்கிங்குற புவியியலாளர் கண்டது, அதுக்கு கீழ யூஜி2ன்னு ஒரு குரோமைட் (கருப்பான குரோமியம் தாது) அடுக்கு. ரோடியம் அதிகமா இருக்கறது இந்த யூஜி2ல. அதிகம்னா எவ்ளோன்னு கேட்டா ஒரு டன் பாறைக்கு அரை கிராம் வாக்குல. அடுக்கோட கனமோ ஒரு மீட்டர் கூட முழுசா தேறாது. ஆயிரம் மீட்டர் ஆழத்துல, நிமிர்ந்து நிக்க முடியாத எடத்துல, குனிஞ்சும் தவழ்ந்தும்தான் டிரில் அடிக்கணும், பாறையே சுடும், மேல இருந்து குளிர் காத்த அடிச்சுக்கிட்டே இருக்கணும், டிரில் சத்தம் காதடைச்சிரும். ஷிப்ட் முடிஞ்சு கேஜ்ல, அதாவது சுரங்க லிப்ட்ல, மேல வர்றவங்க முகத்த பாத்தவங்களுக்கு இந்த உலோகத்தோட விலைய பத்தி யாரும் தனியா சொல்ல வேண்டியதில்ல. 2012 ஆகஸ்டுல மரிகானாவுல சம்பள உயர்வு கேட்டு நின்ன தொழிலாளர்கள் மேல போலீஸ் சுட்டு ஒரே நாள்ல 34 பேரு செத்தாங்க, அதுவும் இதே பிளாட்டினம் பெல்ட்டுதான். 2014ல அஞ்சு மாசம் ஸ்ட்ரைக் நடந்துச்சு.

வெட்டி எடுத்த பிறகும் சீக்கிரம் கைக்கு வராது. அரைக்கணும், நுரை மிதப்புல பிரிக்கணும், ஃபர்னஸ்ல உருக்கணும், கன்வர்ட்டர்னு ஒரு உலைல (வண்டி கன்வர்ட்டர் இல்ல) இரும்பையும் கந்தகத்தையும் எரிச்சு எடுக்கணும், நிக்கலையும் செம்பையும் பிரிக்கணும், அதுக்கப்பறம்தான் விலையுள்ள உலோகங்கள ஒண்ணொண்ணா பிரிப்பாங்க, அந்த வரிசைல ரோடியம் கடைசிக்கு பக்கத்துல. பாறைல இருந்து சுத்த ரோடியமா வெளிய வர மாசக்கணக்கு ஆகும்.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. உலகத்துல ரோடியத்துக்காகன்னே தோண்டுற சுரங்கம் கிடையாது. தென்னாப்பிரிக்கால பிளாட்டினத்துக்காக தோண்டும்போது கூட வர்றது, ரஷ்யாவுல நொரில்ஸ்க்ல நிக்கலுக்கும் பல்லேடியத்துக்கும் தோண்டும்போது வர்றது, ஜிம்பாப்வே கிரேட் டைக்லயும் கனடா சட்பரிலயும் அப்படித்தான். அதனால ரோடியம் விலை பத்து மடங்கு ஏறுனாலும் யாராலயும் உடனே பத்து மடங்கு தோண்ட முடியாது, விலை தரைல விழுந்தாலும் பிளாட்டினம் ஓடுற வரைக்கும் ரோடியம் வந்துக்கிட்டேதான் இருக்கும். விலை பேயாட்டம் ஆடுறதுக்கு இதுதான் காரணம்.

எப்படி ஆடுச்சுன்னு பாருங்க. 2008 நடுவுல ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 10,000 டாலர் போச்சு. அதே வருஷம் முடியுறதுக்குள்ள கார் விற்பனை படுத்ததும் 1,000 டாலர் பக்கம் வந்துருச்சு. 2016ல 600 சொச்சம். அப்பறம் சைனா, ஐரோப்பா, நம்ம ஊரு எல்லா பக்கமும் புகை விதி இறுகுச்சு, 2020 ஆரம்பத்துல ரஸ்டன்பர்க்ல நான் மேல சொன்ன அந்த கன்வர்ட்டர் உலை இருக்குற ஒரு பெரிய ஆலைல வெடிப்பு நடந்து நின்னுச்சு, அதோட கொரோனா, 2021 மார்ச்ல கிட்டத்தட்ட 30,000 டாலர். 2023ல பாதி வருஷம் போறதுக்குள்ள 5,000க்கும் கீழ. 30,000ல வாங்குனவங்க நிலைமைய யோசிச்சு பாருங்க.

அதனால உங்க வீட்டுக்காரர் கிட்ட வேண்டாம்னே சொல்லுங்கம்மா. தங்கத்த எந்த ஊர்ல எந்த நேரத்துல கொண்டு போனாலும் விலை சொல்லி வாங்கிக்க ஆளு இருக்கு. ரோடியம் பார் ஒண்ண வச்சுக்கிட்டு ஈரோட்டுல எந்த கடைக்கு போவீங்க? எக்ஸ்சேஞ்சுல பியூச்சர்ஸ் வியாபாரம் கூட இதுக்கு கிடையாது, சுத்திகரிப்பு கம்பெனிங்களும் டீலர்களும் தங்களுக்குள்ள பேசி முடிக்கிற சந்தை, சாதாரண ஆளுக்கு வாங்குற விலைக்கும் விக்குற விலைக்கும் பெரிய பள்ளம் இருக்கும். வாட்ஸ்ஆப்ல யாராவது ரோடியத்துல போடுங்க, ரெட்டிப்பாகும்னு வந்தா அந்த பக்கமே திரும்பாதீங்க.

மதுர_மெக்கானிக்:

குமார் அண்ணே சொன்னதுக்கு வண்டி பக்கம் இருந்து நான் கொஞ்சம் சேத்துக்கிறேன். நம்ம ஊர்ல சைலன்ஸர் திருட்டு நடக்குதுல்ல, குறிப்பா மாருதி ஈகோ வேன்ல, குஜராத்ல ஆரம்பிச்சு பல ஊர்ல கேஸ் ஆச்சு, திருடறவனுக்கு சைலன்ஸர் தகரம் வேணாம், அதுக்குள்ள தேன்கூடு மாதிரி ஒரு செராமிக் கட்டி இருக்கும், அதோட கண்ணுல பூசியிருக்குற பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூணுக்காகத்தான். அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் 2021 வாக்குல விலை ஏறுனப்ப டொயோட்டா பிரியஸ் கார தேடித்தேடி அறுத்தானுங்க, அது பெட்ரோல், பேட்டரி ரெண்டுலயும் ஓடுற ஹைபிரிட், என்ஜின் கம்மியா ஓடுறதால உள்ள சரக்கு நல்லா இருக்கும்னு.

வண்டி வச்சிருக்குறவங்களுக்கு ரெண்டு விஷயம். சர்வீஸ் விட்டு எடுத்த பிறகு சத்தம் கூடுதலா கேட்டா, செக் என்ஜின் லைட்டு எரிஞ்சா அடில பாருங்க, கட்டிய எடுத்துட்டு வெறும் குழாய வெல்டு வச்சு குடுக்குறவங்க இருக்காங்க. கன்வர்ட்டர் மாத்தும்போது பழசு எங்கன்னு கேட்டு வாங்குங்க, அதுக்கு ஸ்கிராப் விலை தனியா உண்டு, யாரும் சொல்ல மாட்டாங்க. 

இன்னொண்ணு, மிஸ்பயர் ஆகுற வண்டிய அப்படியே ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள்ள போயி அங்க எரிஞ்சு, சூடு தாங்காம அந்த செராமிக் உருகி அடைச்சிரும், பிளக் மாத்த வேண்டிய செலவு போயி பெரிய செலவா நிக்கும். முந்தி ஈய பெட்ரோல் இருந்தப்ப இந்த கன்வர்ட்டரே போட முடியாது, ஈயம் பூச்ச மூடிரும். அதனாலதான் 1995ல டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நாலு ஊர்ல மொதல்ல ஈயமில்லா பெட்ரோல் வந்துச்சு, புது பெட்ரோல் காருக்கு கன்வர்ட்டரும் கட்டாயமாச்சு, 2000 பிப்ரவரில நாடு பூராவும் ஈயம் நின்னுச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்குற புகை விதி வந்த பிறகு பைக்லயும் கன்வர்ட்டர் இல்லாம வர்றதில்ல.

ஃபர்னஸ்_செல்வம்:

சேலத்துல இருந்து. உருக்கு வேலைல இருக்குறவங்களுக்கு ரோடியம் தினப்படி பாக்குற பொருள். உருகுன எஃகோட சூட்ட பாக்க தெர்மோகப்பிள் விடுவோம், அதுல ஒரு கம்பி சுத்த பிளாட்டினம், இன்னொண்ணு பிளாட்டினத்துல 10 சதவீதம் ரோடியம் கலந்தது, அது எஸ் டைப். 13 சதவீதம்னா ஆர் டைப். பி டைப்புல ரெண்டு கம்பிலயும் ரோடியம், 30ம் 6ம். 1,600 டிகிரிக்கு பக்கத்துல நம்பி அளக்க வேற வழி கம்மி. கம்பி தலைமுடி மாதிரி இருக்கும், ஒரு தடவ முக்குனா முனை போச்சு, அந்த முனைய தூக்கி போடாம சேத்து வச்சு திருப்பி அனுப்புற எடங்கள்தான் புத்திசாலித்தனமான எடம். கண்ணாடி இழை இழுக்குற தொழிற்சாலைலயும் நைட்ரிக் அமில ஆலைலயும் இதே பிளாட்டினம் ரோடியம் கலவைதான், அமில ஆலைல கம்பிய வலையா நெய்து அமோனியாவ 900 டிகிரி வாக்குல அது வழியா விடுவாங்க, அந்த அமிலத்துல இருந்துதான் உரம் வருது. சுத்த பிளாட்டினம் சூட்டுல தொய்யும், ரோடியம் சேத்தா நிக்கும்.

தேன்மொழி_ஈரோடு:

ஒரு மோதிரத்துக்கு கேள்வி கேட்டேன், சைலன்ஸர் உரம் மருந்துன்னு எவ்ளோ இருக்கு! வீட்டுக்காரர் முழுசா படிச்சாரு, முதலீடு பேச்ச விட்டுட்டாரு. கடைசியா ஒண்ணே ஒண்ணு, இந்தியாவுல இது எங்கயுமே கிடைக்காதா?

பாறை_ஆய்வு:

கிடைக்குற அறிகுறி இருக்குங்க, அதுவும் உங்களுக்கு ரொம்ப பக்கத்துல. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டின்னு ஊரு, அங்க இருக்குற அனார்த்தோசைட்ங்குற வெள்ளைப் பாறை அடுக்கு உலக அளவுல புவியியல் படிக்கிறவங்களுக்கு தெரிஞ்ச எடம். நிலவுல மேட்டுப் பகுதில இருக்குற பாறையும் இதே வகைங்குறதால, சந்திரயான் வண்டிய ஓட்டிப் பாக்க இஸ்ரோ தயாரிச்ச செயற்கை நிலவு மண்ணுக்கு இந்த பக்கத்து பாறைதான் போச்சு. அந்த அனார்த்தோசைட்டுக்குள்ள மெல்லிசா கருப்பு குரோமைட் பட்டைங்க ஓடும், வெள்ளைப் பாறைல கருப்பு கோடு இழுத்த மாதிரி கண்ணுக்கே தெரியும், அதுலதான் பிளாட்டினம் தொகுதி உலோகங்கள் இருக்கறத இந்திய புவியியல் ஆய்வுத் துறை கண்டு ஆய்வு செஞ்சிருக்கு. புஷ்வெல்டு யூஜி2வும் குரோமைட் அடுக்குதான்னு குமார் சொன்னாரே, அதே மாதிரி சேர்க்கை. மேட்டுப்பாளையம் பக்கத்து பாறைகள்லயும் தேடியிருக்காங்க. ஆனா அளவு, தரம், தொடர்ச்சி மூணும் சேர்ந்தாதான் சுரங்கம், இங்க அந்த நிலைக்கு வரல.

நாட்டு அளவுல பாத்தா ஒடிசாவுல பௌலா நுவாசாஹி, சுகிந்தா பக்கமும், கர்நாடகாவுல தாவணகெரே மாவட்டம் ஹனுமலாபுரத்துலயும் கணக்கெடுத்து வச்சிருக்காங்க, எல்லாம் சேத்து 16 டன்னுக்குள்ள உலோகம், அதுவும் ஆறு உலோகமும் சேர்ந்த கணக்கு, பெரும்பங்கு ஒடிசாதான். 2023ல மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கிய கனிமங்கள் பட்டியல்ல பிளாட்டினம் தொகுதியும் இருக்கு. இப்போதைக்கு நாம முழுக்க இறக்குமதியதான் நம்பியிருக்கோம், அதனால பழைய கன்வர்ட்டர், தெர்மோகப்பிள் முனை, பட்டறை கரைசல் மிச்சம் இதெல்லாம் முறையா திரும்ப வரணும்னு நான் ரொம்ப அழுத்தமா சொல்லுவேன். பாறைல டன்னுக்கு அரை கிராம் தேடுறோம், ஒரு டன் கன்வர்ட்டர் செராமிக்குல அதப்போல பல நூறு மடங்கு இருக்கு. 

மதுர_மெக்கானிக்:

அணு உலைலயும் ரோடியம் உண்டாகுதுன்னு எங்கயோ படிச்சேன், நெசமா டீச்சர்?

வேதியியல்_டீச்சர்:

நிஜம்தான் தம்பி. யுரேனியம் பிளக்கும்போது வர்ற துண்டுகள்ல ஒரு பகுதி ருத்தேனியம் 103, அது சுமார் 39 நாள்ல பாதி பாதியா சிதைஞ்சு ரோடியம் 103 ஆயிரும், இயற்கைல இருக்குற ரோடியமும் இதே 103தான், கதிரியக்கம் இல்லாதது. பயன்படுத்தி முடிச்ச ஒரு டன் எரிபொருள்ல நூத்துக்கணக்கான கிராம் சேரும், புஷ்வெல்டு பாறையோட ஒப்பிட்டா அது எவ்ளோன்னு நீங்களே பாத்துக்கலாம். சிக்கல் என்னன்னா கூடவே ரோடியம் 102 கொஞ்சம் கலந்து வரும், அது கதிர் வீசும், பாதியாக மூணு வருஷத்துக்கு மேல ஆகும், ரெண்டும் ஒரே தனிமம்கிறதால வேதி முறைல பிரிக்கவும் முடியாது, பல பத்து வருஷம் ஆறப்போட்டாதான் தொடலாம். கல்பாக்கத்துல எரிபொருள் மறுசுத்திகரிப்பு நடக்குது, அங்க பிரிச்சு எடுக்கறது புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும்தான், ரோடியம் மிச்ச கழிவோட போயிரும். ஆய்வகத்துல பிரிச்சுக் காட்டியிருக்காங்க, ஆனா எந்த நாட்டுலயும் வியாபாரத்துக்குன்னு அப்படி எடுக்கல.